ரேகன்ஸ்பர்க்கில் ஒரு நாள்: மியூனிக் மாணவர் குழு அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மியூனிக்கில் படிக்கும் நம் மாணவர்கள் புதுப் பருவம் தொடங்கியதும் குழுவாக ஒரு நாள் வெளியூர் போவது வழக்கம். இந்த முறை பவேரியாவில் டான்யூப் ஆற்றங்கரையில் உள்ள ரேகன்ஸ்பர்க். அறிவிப்பு வந்ததிலிருந்து வாட்ஸ்அப்பில் வரும் கேள்விகளுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்வதற்குப் பதிலாக எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் எழுதிவிட்டோம்.

எல்லாரும் நியூஷ்வான்ஸ்டைன் கோட்டைக்கோ சால்ஸ்பர்க்குக்கோ போகிறார்கள். நாம் ஏன் ரேகன்ஸ்பர்க்?

நியூஷ்வான்ஸ்டைனில் பாதி நாள் வரிசையில் போய்விடும். முன்பதிவு நேரத்துக்கு ஒரு பெரிய குழுவைக் கொண்டுபோய் நிறுத்துவதற்குள் ஒருங்கிணைப்பவர் பாதி உயிரை விட்டுவிடுவார். சால்ஸ்பர்க் அழகான ஊர்தான். ஆனால் அது ஆஸ்திரியாவில் இருக்கிறது. கடவுச்சீட்டும் வதிவிட அட்டையும் கையில் இருக்க வேண்டும், திரும்பும் ரயிலில் எல்லைச் சோதனையும் இருக்கும். குழுவில் ஒருவர் அட்டையை அறையில் மறந்துவிட்டு வந்தாலும் எல்லாருக்கும் தலைவலி.

ரேகன்ஸ்பர்க்கில் அந்தத் தொல்லைகள் இல்லை. ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம். நிலையத்திலிருந்து பழைய ஊருக்கு நடந்தே போகலாம். இரண்டாம் உலகப் போரில் ஊரின் ஓரத்தில் இருந்த மெஸ்ஸர்ஷ்மிட் விமானத் தொழிற்சாலை மீது குண்டு விழுந்தது, ஆனால் பழைய ஊர் பெரும்பாலும் தப்பித்தது. மியூனிக்கில் நீங்கள் பார்க்கும் பழைய கட்டடங்களில் பல போருக்குப் பின் திரும்பக் கட்டியவை. இங்கே இருப்பவை உண்மையாகவே இடைக்காலத்தவை.

தப்பித்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு: வறுமை. 12, 13ஆம் நூற்றாண்டுகளில் தூர தேச வணிகத்தால் கொழித்த ஊர் இது. பிறகு வணிகம் நியூரம்பர்க், ஆக்ஸ்பர்க் பக்கம் போய்விட்டது. பழைய வீடுகளை இடித்துப் புதுப் பாணியில் கட்டப் பணமில்லாததால் அவை அப்படியே நின்றுவிட்டன. 2006இல் பழைய ஊரும் ஆற்றின் மறுகரையில் உள்ள ஷ்டாட்டம்ஹோஃபும் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தன.

டிக்கெட் எப்படி? எல்லாருக்கும் சேர்த்து எடுப்பீர்களா?

டாய்ச்லாண்ட் டிக்கெட் (நாடு முழுவதும் வட்டார வண்டிகளுக்கான மாதச் சந்தா) வைத்திருப்பவர்களுக்கு வேறு டிக்கெட் வேண்டாம். வட்டார ரயில்களில் ஏறினால் போதும். ஐசிஇ, ஐசி என்ற நெடுந்தூர விரைவு ரயில்களில் அது செல்லாது; அவசரத்தில் தப்பான வண்டியில் ஏறிவிடாதீர்கள்.

இல்லாதவர்களை ஐந்து ஐந்து பேராகச் சேர்த்து, பவேரியாவுக்குள் செல்லும் ஒரு நாள் குழு டிக்கெட்டான பயர்ன் டிக்கெட் எடுக்கிறோம். ஆள் கூடக் கூடத் தலைக்கு விலை குறையும். வார நாட்களில் காலை 9 மணிக்கு மேல்தான் அது செல்லும். சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் நள்ளிரவிலிருந்தே செல்லும். முடிவது மறுநாள் அதிகாலை 3 மணிக்கு. டிக்கெட்டில் பயணிகளின் பெயர் எழுத வேண்டும் என்பதால் ஐந்து பேரும் சேர்ந்தே போய்ச் சேர்ந்தே திரும்ப வேண்டும். தோழி வேறு குழுவில் இருக்கிறாள், நான் அவளோடு வருகிறேன் என்று கடைசி நிமிடத்தில் மாறாதீர்கள். மாறியே ஆக வேண்டுமென்றால் ரயில் ஏறும் முன் சொல்லுங்கள்.

சனிக்கிழமையா, ஞாயிற்றுக்கிழமையா?

சனிக்கிழமை. ஞாயிறன்று கடைகள் மூடியிருக்கும், ஒரு தண்ணீர்ப் பாட்டில் வாங்கக்கூட ரயில் நிலையத்துக்குத்தான் ஓட வேண்டும். ஞாயிறுக்கு ஒரே ஒரு சிறப்பு உண்டு. காலை 10 மணித் திருப்பலியில், பள்ளி நடக்கும் காலமாக இருந்தால், டோம்ஷ்பாட்சன் பாடக் கேட்கலாம். 975இல் தொடங்கிய பேராலயப் பள்ளியின் பாடகர் குழு அது. ஆயிரம் ஆண்டுக்கு மேல் சிறுவர்கள் மட்டுமே படித்த அந்தப் பள்ளியில் 2022இல்தான் சிறுமிகளுக்கும் இடம் கிடைத்தது. இசையில் ஆர்வமுள்ளவர்கள் இன்னொரு நாள் தனியாகப் போய் வாருங்கள். குழுவாகப் போய்த் திருப்பலியின் நடுவில் கதவைத் திறந்து மூடிக்கொண்டிருப்பது நன்றாக இருக்காது.

அன்றைக்கு என்னென்ன பார்க்கிறோம்?

காலையில் எல்லாரும் சேர்ந்து நடக்கிறோம்: நிலையம், கெப்ளர் நினைவு மண்டபம், நொய்ஃபார்பிளாட்ஸ் சதுக்கம், பேராலயம், ரோமானிய வாசல், கல் பாலம். மதியம் பழைய நகர மன்றத்தில் முன்பதிவு செய்த சுற்று. மற்ற நேரமெல்லாம் உங்களுடையது.

பட்டியல் ஏன் இவ்வளவு சிறியது என்று கேட்கிறார்கள். முப்பது பேர் கொண்ட குழு ஒருவர் நடப்பதைவிட மூன்று மடங்கு மெதுவாக நகரும். ஒருவர் காபி வாங்குவார், ஒருவர் படம் எடுப்பார், ஒருவர் காணாமல் போவார். அதோடு, இந்த ஊரின் சுவையே சந்துகளில்தான் இருக்கிறது. இத்தாலிய நகரங்களைப் பார்த்துப் பணக்கார வணிகர்கள் தங்கள் வீட்டோடு சேர்த்துக் கட்டிய உயரமான கோபுரங்கள் இன்றும் நிற்கின்றன. பாதுகாப்புக்காகக் கட்டியவை அல்ல. பக்கத்து வீட்டுக்காரனைவிட நான் பெரியவன் என்று காட்டத்தான். கோலியாத் வீட்டுச் சுவரில் பைபிள் கதையின் தாவீதும் அரக்கன் கோலியாத்தும் பிரம்மாண்டமாக வரையப்பட்டிருக்கிறார்கள். இவற்றையெல்லாம் வரைபடம் பார்த்துத் தேடுவதைவிடச் சும்மா சுற்றும்போது எதிர்ப்படுவதே நல்லது.

கல் பாலத்தில் அப்படி என்ன இருக்கிறது?

1135இல் தொடங்கி 1146இல் முடித்தார்கள். டான்யூப் போன்ற ஆற்றின் குறுக்கே, அந்தக் காலத்தில், பதினோரு ஆண்டுகளில், 300 மீட்டருக்கு மேல் நீளமாக ஒரு கல் பாலம்! நீண்ட காலத்துக்கு உல்ம் நகருக்கும் வியன்னாவுக்கும் இடையே டான்யூபில் இருந்த ஒரே கல் பாலம் இதுதான். 1147இல் மூன்றாம் கொன்ராட் மன்னரும் 1189இல் பேரரசர் பிரெடரிக் பார்பரோசாவும் சிலுவைப் போருக்குப் படையோடு கிளம்பியது இந்த ஊரிலிருந்துதான். பிராகில் சார்லஸ் பாலம் கட்டியவர்களுக்கு இது முன்மாதிரி.

பாலத்தின் நடுவில் நின்று கீழே பாருங்கள். ஒவ்வொரு தூணையும் சுற்றிப் படகு வடிவில் ஒரு சிறு கல் தீவு இருக்கிறது. தூணின் அடியை ஆறு அரிக்காமலிருக்கப் போட்ட காப்பு அது. ஆனால் அதனாலேயே நீர் போகும் வழி குறுகி, வேகம் கூடி, பாலத்தைத் தாண்டியதும் பெரிய சுழல்கள் உருவாகின்றன. முன்பு அந்த வேகத்தில் ஆலைகளை ஓட்டினார்கள். சரக்குக் கப்பல்களுக்கு மட்டும் அது பெரும் தொல்லை. இன்று அவை ஊருக்கு வடக்கே வெட்டிய கால்வாய் வழியாகச் சுற்றிப் போகின்றன. சிவில் இன்ஜினியரிங் படிப்பவர்கள் இங்கே கொஞ்சம் கூடுதலாகவே நின்றுவிடுவீர்கள், பரவாயில்லை.

கதை ஒன்றும் உண்டு. பாலம் கட்டும் கொத்தனாரும் பேராலயம் கட்டும் கொத்தனாரும் யார் முதலில் முடிப்பது என்று பந்தயம் கட்டினார்களாம். தோற்றுவிடுவோமோ என்று பயந்த பாலக்காரர் சாத்தானிடம் உதவி கேட்டார். பாலத்தைக் கடக்கும் முதல் மூன்று உயிர்கள் எனக்கு என்றது சாத்தான். வேலை முடிந்ததும் இவர் ஒரு சேவலையும் ஒரு கோழியையும் ஒரு நாயையும் விரட்டிவிட்டார். நல்ல கதைதான். ஆனால் இன்றைய பேராலயத்தின் வேலை தொடங்கியதே 1273 வாக்கில், பாலம் முடிந்து நூறு ஆண்டுக்கு மேல் கழித்து. பந்தயத்தில் பாலக்காரர் பயந்திருக்கவே வேண்டாம்.

1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை நெருங்கியபோது பின்வாங்கிய ஜெர்மன் படையே பாலத்தின் பகுதிகளை வெடி வைத்துத் தகர்த்தது. அதைப் பிறகு சரிசெய்தார்கள். இப்போது கார், பேருந்து எதுவும் இதில் போவதில்லை. நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் மட்டும்தான். சைக்கிள்காரர்கள் மணி அடித்தால் விலகிவிடுங்கள்.

பேராலயத்துக்குள் போகக் கட்டணம் உண்டா? என்ன பார்க்க வேண்டும்?

கட்டணம் இல்லை. வழிபாடு நடக்கும்போது சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள். தொப்பியைக் கழற்றி, குரலைத் தாழ்த்தினால் போதும்.

பவேரியாவின் முக்கியமான கோதிக் கட்டடம் இது. 105 மீட்டர் உயரமுள்ள இரட்டைக் கோபுரங்கள் 1869இல்தான் முடிந்தன. அதாவது அறுநூறு ஆண்டு வேலை. உள்ளே போனதும் முதலில் இருட்டாகத் தெரியும். கண் பழகும் வரை இரண்டு நிமிடம் நில்லுங்கள். இடைக்காலக் கண்ணாடிச் சன்னல்களின் நிறம் அப்புறம்தான் தெரியும். மேற்குப் பக்கம் ஒரு தூணில் கபிரியேல் தேவதூதர் வாய் நிறையச் சிரித்துக்கொண்டு நிற்கிறார். எதிர்த் தூணில் மரியாள். இரண்டும் 1280 வாக்கில் செதுக்கியவை. கோதிக் சிலைகள் பெரும்பாலும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கும். இவர் மட்டும் நல்ல செய்தியை அடக்க முடியாமல் சிரிப்பதுபோல் இருக்கிறார்.

வெளியே தெற்குச் சுவரில் யூதர்களை இழிவுபடுத்தும் ஓர் இடைக்காலச் சிற்பம் இருக்கிறது. அதைக் காட்டாமல் கடந்து போக மாட்டோம். ஏன் என்பது அடுத்த கேள்வியில்.

நொய்ஃபார்பிளாட்ஸ் வெறும் சதுக்கம்தானே, அங்கே எதற்கு அரை மணி நேரம்?

1519 வரை அந்த இடத்தில் யூதர் குடியிருப்பு இருந்தது. ஜெர்மன் நிலத்தின் மிகப் பழைய யூதச் சமூகங்களில் ஒன்று. பேரரசர் முதலாம் மாக்சிமிலியன் யூதர்களைத் தன் பாதுகாப்பில் வைத்திருந்தார். அதற்கு வரியும் வாங்கினார். 1519 ஜனவரியில் அவர் இறந்தார். அடுத்தவர் வருவதற்குள் நகர மன்றம் முந்திக்கொண்டது. யூதர்களைச் சில நாட்களுக்குள் வெளியேறச் சொன்னார்கள், தொழுகைக் கூடத்தை இடித்தார்கள், வீடுகளையும் தரைமட்டமாக்கினார்கள். ஓவியர் ஆல்பிரெக்ட் ஆல்ட்டோர்ஃபர் அப்போது மன்ற உறுப்பினர். இடிப்பதற்குச் சற்று முன் தொழுகைக் கூடத்தின் உட்புறத்தை அவர் அச்சிடும் உலோகத் தகட்டில் வரைந்துவைத்தார். அது எப்படி இருந்தது என்று நமக்குத் தெரிவதே வெளியேற்றிய மன்றத்தில் ஒருவராக இருந்த அவருடைய கையால்தான்.

1990களில் சதுக்கத்தைத் தோண்டியபோது வீடுகளின் நிலவறைகளும் தொழுகைக் கூடத்தின் அடித்தளமும் கிடைத்தன. இஸ்ரேலியச் சிற்பி டானி காரவான் அந்தக் கூடத்தின் தரை அமைப்பை வெள்ளைக் காங்கிரீட்டில் தாழ்வான சிற்பமாக அமைத்தார். 2005இல் அது திறக்கப்பட்டது. பிள்ளைகள் அதன் மேல் விளையாடுவார்கள், கல்லூரி மாணவர்கள் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிடுவார்கள். மக்கள் கூடும் இடமாகவே காரவான் அதை நினைத்தார். நீங்களும் உட்காரலாம். எதன் மேல் உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரிந்து உட்கார வேண்டும் என்பதற்காகத்தான் அரை மணி நேரம்.

பழைய நகர மன்றத்தில் சித்திரவதை அறை இருக்கிறதாமே?

இருக்கிறது. எல்லாரும் கேட்கும் முதல் கேள்வியும் அதுதான். ஆனால் மேல் மாடியைப் பாருங்கள். 1663இல் துருக்கிப் போர் அபாயம் பற்றிப் பேச, ஜெர்மன் நாடுகள் சேர்ந்திருந்த புனித ரோமப் பேரரசின் மன்றம் இங்கே கூடியது. கூடியது கலையவே இல்லை. 1806இல் பேரரசே முடியும்வரை 143 ஆண்டுகள் அது தொடர்ந்து நடந்தது. பேரரசர் வரமாட்டார், தன் சார்பில் ஒருவரை அனுப்புவார். 1748 முதல் அந்தப் பதவி, அஞ்சல் தொழிலில் பணம் சேர்த்த தூர்ன் உண்ட் டாக்ஸிஸ் குடும்பத்துக்குப் போனது. அவர்களுடைய அரண்மனை இன்றும் ஊரில் உண்டு. மன்ற அறையில் யார் எத்தனை படி உயரத்தில் உட்காருவது என்பதே பெரிய அரசியல். நம்மூர்க் கல்யாண மேடையில் யார் எங்கே நிற்பது என்ற சண்டையைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம்.

கீழே உள்ள விசாரணை அறை அதே இடத்தில் அப்படியே இருக்கும் பழைய அறை. மரத்தட்டிக்குப் பின்னால் மன்றத்தார் உட்கார்ந்து வாக்குமூலம் கேட்பார்கள். மனம் ஒப்பாதவர்கள் கீழே வர வேண்டாம், வெளியே காத்திருக்கலாம். இந்த இடத்தை வழிகாட்டியோடு மட்டும்தான் பார்க்க முடியும். ஆகவே நேரம் தவறினால் உள்ளே போக முடியாது. பத்து நிமிடம் முன்னதாக வாசலில் இருங்கள்.

கெப்ளருக்கும் இந்த ஊருக்கும் என்ன தொடர்பு?

இயற்பியல் மாணவர்கள் கேட்டது. கோள்கள் நீள்வட்டத்தில் சுற்றுகின்றன என்று கண்டுபிடித்த யோகான்னஸ் கெப்ளர் 1630 நவம்பரில் குதிரையேறி இங்கே வந்தார். வந்த காரணம் சம்பள பாக்கி. பேரரசர் தரவேண்டிய தொகை ஆண்டுக்கணக்கில் நின்றுபோயிருந்தது. வந்த சில நாட்களில் காய்ச்சலில் படுத்து நவம்பர் 15இல் இறந்தார். புதைத்த கல்லறைத் தோட்டமும் முப்பதாண்டுப் போரில் அழிந்துவிட்டது. உதவித்தொகை வராமல் காத்திருக்கும் ஆராய்ச்சி மாணவர்கள் மனதைத் தேற்றிக்கொள்ளலாம்.

அவர் இறந்த வீடு ஒரு தெருவில் இருக்கிறது. அந்தத் தெருவுக்கே அவர் பெயர்தான். நிலையத்துக்குப் பக்கத்துப் பூங்காவில் 1808இல் எழுப்பிய வட்ட மண்டபம் நினைவுச் சின்னமாக நிற்கிறது. போகும் வழியிலேயே பார்த்துவிடலாம்.

ரோமானிய வாசல் என்றால் எவ்வளவு பழசு?

கி.பி. 179. ரோமப் பேரரசர் மார்க்கஸ் அவுரேலியஸ் காலத்தில் சுமார் 6,000 வீரர்கள் தங்கும் கோட்டை இங்கே எழுந்தது. அதன் வடக்கு வாசலின் ஒரு வளைவும் ஒரு கோபுரமும் பிற்காலக் கட்டடத்தின் சுவருக்குள் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. ஆல்ப்ஸுக்கு வடக்கே இப்படி மிஞ்சியவை மிகக் குறைவு. டிரியர் நகரில் இருப்பது இன்னொன்று. பார்த்துவிட்டு இவ்வளவுதானா என்று சிலர் கேட்பார்கள். ஆமாம், இவ்வளவுதான்.

சாப்பாடு? நான் சைவம்.

பாலத்தின் அடியில் இருக்கும் பழைய தொத்திறைச்சிக் கடையில் கரி அடுப்பில் சுட்ட பன்றித் தொத்திறைச்சியைப் புளித்த முட்டைக்கோசு, இனிப்புக் கடுகோடு தருவார்கள். பன்றி சாப்பிடுபவர்கள் தவறவிடாதீர்கள். சாப்பிடாதவர்கள் அந்த வரிசையில் நிற்க வேண்டாம். சுவரில் டான்யூப் வெள்ளம் எவ்வளவு உயரம் ஏறியது என்ற கோடுகள் இருக்கின்றன, அவற்றை மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள்.

சைவர்கள் கவனிக்க வேண்டியது உருளைக்கிழங்கு சாலட். பவேரியாவில் அதில் இறைச்சிச் சாறு ஊற்றுவது வழக்கம், பன்றிக் கொழுப்புத் துண்டுகளும் கிடக்கலாம். கேட்காமல் வாங்காதீர்கள். சீஸ் ஷ்பெட்ஸ்லே (சீஸ் சேர்த்த குட்டை நூடுல்ஸ்) பொதுவாகப் பிழையில்லை, ஆனால் மாவில் முட்டை உண்டு. முட்டையும் வேண்டாமென்றால் ஃபலாஃபல் ரொட்டிதான் எளிது. பழைய ஊரிலேயே கிடைக்கும். ஹலால் உணவு வேண்டுபவர்களும் துருக்கிக் கடைகளில் கேட்டு வாங்கலாம்.

வீட்டிலிருந்து எலுமிச்சைச் சோறோ தயிர்ச் சோறோ கட்டிக்கொண்டு வருவதுதான் எங்கள் யோசனை. ஆற்றங்கரையில் உட்கார்ந்து சாப்பிட இடம் தாராளம்.

பியர் குடிப்பவர்களுக்கு: பாலத்தைத் தாண்டியதும் ஷ்டாட்டம்ஹோஃபில் பழைய மருத்துவமனை அறக்கட்டளையின் மதுத்தோட்டம் இருக்கிறது, 1226இலிருந்து காய்ச்சுகிறார்கள். திரும்பும் ரயிலை நினைவில் வைத்துக் குடியுங்கள்.

டான்யூபில் இறங்கிக் குளிக்கலாமா?

பாலத்தின் பக்கத்தில் கூடவே கூடாது. மேலே சொன்ன சுழல்கள் கண்ணுக்கு விளையாட்டாகத் தெரியும். நன்றாக நீந்தத் தெரிந்தவரையும் இழுத்துவிடும். கரையில் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சுழல்களை அருகில் பார்க்க ஆசையிருந்தால் பருவ காலத்தில் சுற்றுலாப் படகு ஓடுகிறது.

வால்ஹல்லாவையும் சேர்த்துப் பார்த்துவிட்டால் என்ன?

வேண்டாம். முதலாம் லுட்விக் மன்னர் கிரேக்கக் கோயில் பாணியில் கட்டி 1842இல் திறந்த, பெரியோர் மார்பளவுச் சிலைகள் வைத்த மண்டபம் அது. ஆற்றின் கீழ்த்திசையில் டோனாஷ்டாஃப் என்ற ஊரில், 358 படி ஏறும் குன்றில் இருக்கிறது. போய்வர அரை நாள் ஆகும். அதைச் சேர்த்தால் பழைய ஊரை ஓட்டமாக ஓடித்தான் பார்க்க முடியும். படி ஏறும் ஆசை தீராதவர்கள் மீண்டும் ஒரு சனிக்கிழமை வாருங்கள், டிக்கெட்தான் இருக்கிறதே.

மழை பெய்தால்?

போவோம். குடை எடுத்து வாருங்கள். விடாமல் பெய்தால் சதுக்கத்தில் நிற்கும் நேரத்தைக் குறைத்து, ஆற்றங்கரையில் உள்ள பவேரிய வரலாற்று அருங்காட்சியகத்துக்குள் போய்விடலாம். 2019இல் திறந்த புதுக் கட்டடம். கால்சட்டை நனைவதைவிடக் காலணிதான் முக்கியம். தெருவெல்லாம் கல் பாவியது, ஈரத்தில் வழுக்கும். குதிகால் உயர்ந்த செருப்பை அறையிலேயே விட்டுவிடுங்கள்.

கையில் என்னென்ன இருக்க வேண்டும்?

மாணவர் அட்டை, அடையாள அட்டை, தண்ணீர், கைபேசிக்குச் சார்ஜ், கழிப்பறைக்குச் சில்லறை. பல கழிப்பறைகளில் காசு போட்டால்தான் கதவு திறக்கும்.

குழுவைத் தவறவிட்டால்? ரயிலைத் தவறவிட்டால்?

குழுவைத் தவறவிட்டால் தேடி அலையாதீர்கள். பேராலயத்தின் இரட்டைக் கோபுரம் ஊரில் எங்கிருந்தும் தெரியும், அதன் மேற்கு வாசலுக்கு வந்து நின்று குழுவில் செய்தி போடுங்கள்.

ரயிலைத் தவறவிட்டால் டாய்ச்லாண்ட் டிக்கெட்காரர்கள் அடுத்த வட்டார ரயிலில் வந்துவிடலாம். பயர்ன் டிக்கெட்காரர்களுக்கு அது சிக்கல்: உங்கள் பெயருள்ள டிக்கெட் மற்ற நால்வரோடு போய்விட்டிருக்கும், நீங்கள் புதிதாக ஒன்று எடுக்க வேண்டும், அதற்குக் குழு பணம் தராது. இந்த ஒரு காரணத்துக்காகவே மாலையில் ரயிலுக்கு அரை மணி நேரம் முன்னதாக நிலையத்தின் முன்வாசலில் தலை எண்ணுகிறோம். பாலத்திலிருந்து நிலையத்துக்கு நடக்க இருபது நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஐஸ்கிரீம் கடை வேறு இருக்கும்.